சுரங்கப் படகும் மோதிர விரலும்

பராமரிப்புக் கையேடு, பூச்சு வேலைகள் பற்றிய அத்தியாயம், விதி பதினான்கு, கடைசி வரி: “ஒரு பொருளைச் செய்தவர் அதன் பராமரிப்புக்கெனக் குறிப்பு தந்திருந்தால், மேற்கண்ட விதிகளுக்குப் பதிலாக அந்தக் குறிப்பையே பின்பற்ற வேண்டும்.”

இவ்வளவுதான். இதன்படி நடந்திருந்தால் ஒரு சின்னப் படகின் மேல்தளம் இரண்டு மூன்று நாளில் முடிந்திருக்கும். நானும் இதை எழுத வேண்டியிருக்காது. ஆனால் விதி பதினான்கு ஒரு பக்கத்தின் அடிவரை ஓடி, கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்திருந்தது. எங்கள் அதிகாரி பக்கம் திருப்பும் பழக்கம் உள்ளவர் அல்ல.

ஓய்வு பெற்றோர் மலருக்கு ‘இளைய தலைமுறைக்கு ஊக்கமூட்டும்படி’ ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். கேட்க வந்த இளம் பொறியாளர், இப்போதெல்லாம் ஒப்புதல் கணினியிலேயே வந்துவிடுகிறது, தாமதமே கிடையாது என்று பெருமையாகச் சொன்னார். கேட்டதும் எனக்குப் பாவமாக இருந்தது. தாமதம் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் சிதம்பரத்தில் வேதியியல் படித்துவிட்டு ஐம்பதுகளின் கடைசியில் நெய்வேலிக்கு வந்தேன். அப்போது டவுன்ஷிப்பில் வீடுகளைவிடச் சாலைகள் அதிகம், சாலைகளைவிட முந்திரி மரங்கள் அதிகம். பயிற்சி என்ற பெயரில் முதல் வருஷம் பம்புகளுக்கு அருகே நின்று அவை ஓடுகின்றனவா என்று பார்த்தேன். ஓடின. பிறகு வெளிநாட்டு இயந்திரங்கள் வந்தபோது மாலை நேர ஜெர்மன் வகுப்பு ஒன்று நடந்தது. பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்புவார்கள் என்று வகுப்பு முழுவதும் நம்பியது. கோட் தைத்துக்கொண்டவர்கள்கூட உண்டு. எங்களில் யாரும் கடலூரைத் தாண்டவில்லை. ஆனால் எனக்கு ஜெர்மன் படிக்க வந்துவிட்டது. அது எனக்கு ஒரே ஒரு முறைதான் பயன்பட்டது. அந்த ஒரு முறையும் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

படகைப் பற்றிச் சொல்கிறேன். கடலும் ஆறும் இல்லாத ஊரில் படகு எதற்கு என்று கேட்பீர்கள். சுரங்கத்தின் அடியில் மழைநீரும் ஊற்றுநீரும் சேரும் பெரிய குட்டை ஒன்று உண்டு. அதை ‘சம்ப்’ என்போம். அதன் நடுவில் ஒரு மிதவையின் மேல் பம்புகள் இருக்கும். அவற்றுக்கு கிரீஸ் வைக்க ஆள் போக வேண்டும். இதற்காக அந்த பம்புகளோடு சேர்ந்து ஒரு கண்ணாடி இழைப் படகும் வெளிநாட்டிலிருந்து மரப்பெட்டியில் வந்தது. நான்கு பேர் உட்காரலாம். வெள்ளை வெளேரென்று இருந்தது. பழுப்பு நிலக்கரிப் பள்ளத்தின் அடியில் அது மிதப்பதைப் பார்த்தால், துக்க வீட்டுக்கு யாரோ பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்ததைப் போலிருக்கும்.

படகுக்காரன் வேலாயுதம். பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்காரன். நீந்தத் தெரியும் என்பதுதான் அவன் தகுதி. அவனும் அவன் மனைவி அஞ்சலையும் முன்பு பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்த நிலங்கள் சுரங்கத்துக்குப் போனபோது நிலம் வைத்திருந்தவருக்கு நஷ்டஈடு கிடைத்தது. அதில் வேலை செய்தவர்களுக்கு நஷ்டம் மட்டும் கிடைத்தது. வேலாயுதம் தினக்கூலிப் பட்டியலில் இருந்தான். ‘படகோட்டி’ என்றொரு பணியிடம் ஒப்புதலாகியிருந்தது. அதில்தான் அவன் உட்கார்ந்திருந்தான். ஆனால் அந்த ஒப்புதலில் ஒரு வால் உண்டு: ‘படகு பணியில் உள்ள வரை’.

அறுபத்து நான்காம் வருஷத்துக் கோடையில் படகின் மேல்தளம் பழுதாகிப்போனது. வெயிலில் தோல் வெடித்துச் சிலந்தி வலை போலக் கீறல்கள் விழுந்தன. மிச்சமிருந்த இடம் வழவழவென்று தேய்ந்தது. ஒரு நாள் பம்ப் ஆபரேட்டர் ஒருவர் கிரீஸ் பீச்சும் துப்பாக்கியோடு கால் வழுக்கி சம்புக்குள் விழுந்தார். வேலாயுதம் குதித்து அவரை மேலே இழுத்தான். விசாரணை நடந்தது. கிரீஸ் துப்பாக்கியை ஏன் இழுக்கவில்லை என்று வேலாயுதத்திடம் இரண்டு முறை கேட்டார்கள்.

“ஒரு கையில ஆளு, ஒரு கையில கரையப் புடிச்சிகினு இருந்தேங்க. மூணாவது கை இல்லீங்க” என்றான்.

இந்தப் பதில் திமிர் என்று குறிக்கப்பட்டது. மேல்தளத்தைப் புதுப்பிக்கும் வரை படகை நிறுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. பம்புகளுக்கு கிரீஸ் வைப்பதை நிறுத்த முடியாது. ஆகவே காலி எண்ணெய் டிரம்களைக் கயிற்றால் கட்டி ஒரு தெப்பம் செய்தார்கள். அது படகைவிட நான்கு மடங்கு ஆபத்தானது. ஆனால் தெப்பம் படகல்ல, ஆகவே படகுக்கான பாதுகாப்பு விதி எதுவும் அதைத் தொடவில்லை. வேலாயுதம் தெப்பத்தைத் தள்ளினான். தெப்பம் தள்ளுபவன் என்ற பணியிடம் எங்கும் ஒப்புதலாகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் செய்தி வந்தது. செப்டம்பர் முப்பதாம் தேதி எந்தெந்தப் பணியிடங்கள் உயிரோடு இருக்கின்றனவோ அவற்றில் இருக்கும் தினக்கூலிக்காரர்களைப் பட்டியலிட்டு, அக்டோபர் முதல் தேதியிலிருந்து ஓராண்டுத் தகுதிகாண் பருவத்தில் எடுப்பார்கள். அந்த ஓராண்டு முடிந்தால் ‘பர்மனன்ட்’. படகு செப்டம்பருக்குள் சான்றிதழ் பெறாவிட்டால் படகோட்டிப் பணியிடம் செத்தது; வேலாயுதம் மறுபடி கூலிக்கு அலைய வேண்டியதுதான், அலைவதற்கு நிலமும் இல்லை. மேல்தள வேலை என் தலையில் விழுந்தது. வேதியியல் படித்தவன் என்பதால்.

சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் பகுதி அதிகாரி வைத்தீஸ்வரன். ரயில் பெட்டிப் பட்டறை ஒன்றில் பெயிண்ட் பிரிவில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். இஸ்திரி மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. எதைக் கேட்டாலும் “பதிவாகட்டும்” என்பார். பூச்சு உலர்ந்ததா என்று பார்ப்பதற்கு அவரிடம் ஒரு சடங்கு உண்டு. வலது கையின் மோதிர விரலை மடக்கி, நகத்துக்குக் கீழே உள்ள பின்பக்கத்தால் பூச்சை மெல்லத் தொடுவார். ஐந்து நொடி வைத்திருப்பார். எடுத்து முகர்ந்து பார்ப்பார். பிறகு இதற்கென்றே வைத்திருந்த ஒரு கைக்குட்டையில் விரலைத் துடைப்பார். மூக்குத் துடைக்கும் கைக்குட்டை வேறு. அது இடது பை. இருபது வருஷம் ஓடிய ரயில் பெட்டிகளெல்லாம் அந்த விரலைத் தாண்டித்தான் ஓடின என்று அவரே சொல்லியிருக்கிறார். நான் நம்புகிறேன்.

படகோடு ஒரு சின்னப் பெட்டியும் வந்திருந்தது. அதில் ஒரு டின் ஜெல்கோட், ஒரு புட்டி ஹார்ட்னர், ஒரு ஜெர்மன் துண்டுக் குறிப்பு. ஜெல்கோட் என்பது கண்ணாடி இழைக்கு மேல் போடும் கெட்டியான வெள்ளைத் தோல். பார்க்க பெயிண்ட் போலவே இருக்கும். அங்கேதான் தொல்லை. பெயிண்ட் உலர்வதற்குக் காற்று வேண்டும். ஜெல்கோட் உலர்வதில்லை, ஹார்ட்னர் கலந்ததும் தனக்குள்ளேயே சூடேறிக் கல்லாகிறது. அதன் மேல்பரப்புக்குக் காற்று ஆகாது. காற்றுப் பட்ட தோல் மட்டும் எத்தனை நாளானாலும் பிசுபிசுவென்றே இருக்கும். முதல் பூச்சில் அந்தப் பிசுபிசுப்பு நல்லது. அடுத்த பூச்சு அதைப் பிடித்துக்கொள்ளும். கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகு கலக்க வேண்டும், அல்லது ஒரு தாளால் மூடிக் காற்றைத் தடுக்க வேண்டும். இவ்வளவும் அந்தக் குறிப்பில் இருந்தது. நான் மொழிபெயர்த்து, தட்டச்சு செய்து, வைத்தீஸ்வரன் முன் வைத்தேன்.

“யார் மொழிபெயர்த்தது?”

“நான்தான் சார்.”

“வேலையைச் செய்யப்போறது?”

“நான்தான் சார்.”

“செய்யறவரே சான்று தரக் கூடாது, மிஸ்டர் கெமிஸ்ட்ரி. நாளைக்கு ‘வேலைக்கு நடுவுல ஒரு பீர் குடிக்கணும்’னு ஜெர்மன்ல எழுதியிருக்குன்னு நீங்க சொன்னா நான் என்ன பண்றது?”

கையேட்டை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, கடைசி வரியைக் காட்டினேன். அவர் அந்த வரியை, இத்தனை வருஷமாகத் தன் வீட்டில் குடியிருந்த ஆளை முதல்முறை பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

“இது பொருந்துமா பொருந்தாதான்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? தலைமை அலுவலகத்துக்கு எழுதுவோம். குறிப்புக்குச் சான்று பெற்ற மொழிபெயர்ப்பு வேணும், இந்த வரி பொருந்துமான்னு தெளிவுரையும் வேணும். பதில் வர்ற வரைக்கும் பெயிண்ட் விதிதான். பதிவாகட்டும்.”

கடிதம் ஆகஸ்ட் முதல் வாரத்தில் போனது.

பெயிண்ட் விதி சொல்வது இது: ஒவ்வொரு பூச்சும் விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பின்பே அடுத்த பூச்சு. அதாவது, இயற்கையாகவே ஒட்டுவதற்கென்று செய்யப்பட்ட ஒரு பொருளை, ஒட்டாமல் இரு என்று கட்டளையிட்டு, அது கீழ்ப்படியக் காத்திருக்க வேண்டும்.

படகைச் சுரங்க விளிம்பில் ஒரு கொட்டகைக்குக் கொண்டுவந்து கவிழாமல் முட்டுக் கொடுத்தோம். முறையாகச் செய்ய வேண்டியதில் என் கைக்கு எட்டியதை எல்லாம் செய்தேன். ஒவ்வொரு கீறலையும் முக்கோணச் சுரண்டியின் முனையால் V வடிவத்தில் தோண்டித் திறந்தேன். கீறலை அப்படியே மூடிவிட்டால் அது உள்ளேயே இருந்துகொண்டு மறுபடி மேலே வரும். பழைய தோலின் பளபளப்புப் போய் மாவு பூசியதைப் போல ஆகும்வரை வேலாயுதம் உப்புத்தாளால் தேய்த்தான். பிறகு அசிடோனில் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்தோம். முன்னும் பின்னும் துடைத்தால் எடுத்த எண்ணெயைத் திரும்பப் பூசுவதாகும்.

முதல் பூச்சு நாளன்று வைத்தீஸ்வரன் நேரில் வந்தார். குறிப்புப்படி கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு குவளை அளவு மட்டும் கலந்து பூச நினைத்தேன். நம் வெயிலில் பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது.

“ஸ்டோர்ஸிலிருந்து எத்தனை டின் எடுத்தீங்க?”

“ரெண்டு எடுத்தேன் சார். பெட்டியில வந்தது ஒண்ணு, அப்புறம் வரவழைச்சதுல ஒண்ணு.”

“திறந்த டின்னைத் திருப்பி எடுக்க மாட்டாங்க. பாதி டின்னை நான் எந்தக் கணக்குல வைக்கிறது? திறந்தா முழுசாக் கலந்து முழுசா முடிக்கணும்.”

முழு டின்னில் அதற்குரிய ஹார்ட்னரை ஊற்றிக் கலக்கினேன். மேல்தளத்தில் கால் பங்கு பூசுவதற்குள் பிரஷ் கனத்தது. டின் சூடாகியது. வேலாயுதம் கையில் பிடித்திருந்ததைக் கீழே வைத்தான். டின்னிலிருந்து புகை கிளம்பியது. யாரோ தீயணைப்பு வண்டிக்குப் போன் செய்துவிட்டார்கள். வண்டி வருவதற்குள் டின் அமைதியாகிவிட்டது. உள்ளே பிரஷ் நட்ட வாக்கில் நின்றது. டின்னோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடக்கலாம்.

வைத்தீஸ்வரன் குனிந்து, டின்னுக்குள் மோதிர விரலை வைத்தார். ஐந்து நொடி. முகர்ந்தார். துடைத்தார்.

“இது காஞ்சிருக்கே! அப்புறம் படகு மேல இருக்கிறது ஏன் காயலே?”

தடிமனாக ஒரே இடத்தில் இருந்தால் சூடு அடைபட்டு மேலும் கெட்டியாகும், மெல்லிசாகப் பரப்பினால் காற்றுப் படும் என்று விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “டின்னுக்குக் காத்து படலையா?” என்றார். தீயணைப்பு வீரர்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான்.

அதன் பிறகு அரை டின்னைக் கணக்கில் வைக்க ஒரு தனி அனுமதி வாங்கினேன். பூசினோம். மறுநாள் விரல் வந்தது, ஒட்டியது. “காயட்டும்.” அதற்கு மறுநாள் வந்தது, ஒட்டியது. “காயட்டும்.” இதற்குள் சுரங்கத்திலிருந்து வரும் பழுப்புத் தூசி அந்தப் பிசுபிசுப்பில் நன்றாகப் படிந்து, வெள்ளைத் தளம் கேழ்வரகுக் களி நிறத்துக்கு வந்தது. தேய்க்கச் சொன்னார். உப்புத்தாள் ஒட்டிக்கொண்டு கிழிந்தது. பூச்சு மெல்லிசாக இருப்பதால்தான் காயவில்லை என்று முடிவு செய்து, இன்னொரு பூச்சுப் போடச் சொன்னார். பிறகு தடிமனாக இருப்பதால்தான் காயவில்லை என்று முடிவு செய்து, சுரண்டச் சொன்னார். இரண்டு முடிவுகளும் பதிவாகின.

வேலாயுதம் காலையில் தெப்பம் தள்ளுவான். மதியம் கொட்டகைக்கு வந்து சுரண்டுவான். அஞ்சலை தினமும் எங்கள் பிளாக்கில் கீரை விற்றுக்கொண்டு வருவாள். என் வீட்டு வாசலில் கூடையை இறக்கியதும் கீரை விலைக்கு முன்னால் வரும் கேள்வி இது:

“படகு காஞ்சிடுச்சாங்க?”

“இன்னும் இல்லம்மா.”

“நேத்து வடாம் புழிஞ்சேன் சார், ஒரே வெயில்ல கலகலன்னு காஞ்சிடுச்சி. ஒரு மாசமா காயாத பொருள நான் பாத்ததே இல்லீங்க. அதுல இன்னா ஊத்தறீங்க?”

“அது காயாதும்மா. காயாம இருந்தாத்தான் சரி.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப எங்க வூட்டுக்காரருக்கு வேல வராதுன்னு சொல்றீங்களா?”

அன்று இரண்டு கட்டுக் கூடுதலாகக் கீரை வாங்கினேன். படித்தவர்கள் செய்யக்கூடியது பெரும்பாலும் அவ்வளவுதான்.

செப்டம்பர் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து பதில் இல்லை. நினைவூட்டு அனுப்பினோம். நினைவூட்டு கிடைத்தது என்று பதில் வந்தது. மெழுகு கலக்க அனுமதி கேட்டேன். “பெயிண்டில் மெழுகு கலப்பது கலப்படம்” என்று மறுத்தார் வைத்தீஸ்வரன். அது உண்மைதான். பெயிண்டில் கலந்தால்.

விநாயகர் சதுர்த்தி சமயம். மெயின் பஜாரில் பிள்ளையார் குடை விற்றுக்கொண்டிருந்தார்கள். மூங்கில் குச்சியில் வண்ணத் தாளும் கண்ணாடித் தாளும் ஒட்டிய குடைகள். ஒரு கடைக்காரர் மிஞ்சிய கண்ணாடித் தாளைச் சுருட்டி மூலையில் போட்டிருந்தார். செல்லோபேன். நிறமில்லாதது. குறிப்பில் “ஒரு தாளால் மூடு” என்று இருந்ததைப் பற்றி விதியில் தடை எதுவும் இல்லை என்பது அந்த மூலையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பெயிண்டில் எதைக் கலக்கக் கூடாது என்று பெயிண்ட் விதி சொல்கிறது. பூசிய பிறகு அதன் மேல் எதைப் போர்த்தலாம் என்று அது யோசித்ததே இல்லை.

மாத முடிவுக்கு இரண்டு நாள் முன்பு, பழைய பூச்சின் பிசுபிசுப்பை எல்லாம் அசிடோனில் துடைத்தெடுத்து, கல்லாகியிருந்த அடிப்பகுதி தெரியும்வரை நானும் வேலாயுதமும் தேய்த்தோம். மறுநாள் காலை, வெயில் ஏறுமுன், சிறு சிறு குவளையாகக் கலந்து ஒரே சீராகப் பூசினேன். ஈரமாக இருக்கும்போதே கண்ணாடித் தாளை ஒரு ஓரத்திலிருந்து விரித்து, உள்ளங்கையால் காற்றுக் குமிழியை வெளியே தள்ளினோம். அங்கங்கே நெளிநெளியாகச் சுருக்கம் விழுந்தது. தாளின் ஓரங்களை விளிம்புக்குச் சரியாக வெட்டிவிட்டேன்.

“சார், சுருக்கம் சுருக்கமா இருக்குதே.”

“இருக்கட்டும். கால் வழுக்காது.”

“அவுரு வந்து தொட்டா?”

“தொடட்டும்.”

நான் உரித்துக் காட்டலாம் என்றிருந்தேன். மறுநாள் காலைதான் உரிக்க முடியும். அதற்குள் அடியில் இருப்பது கல்லாகியிருக்கும். ஆனால் வைத்தீஸ்வரன் மதியமே வந்துவிட்டார். முப்பதாம் தேதிக்கு முன் சான்றிதழ் பட்டியல் அனுப்ப வேண்டுமாம். கறுப்புக் கண்ணாடியோடு வெயிலிலிருந்து கொட்டகைக்குள் வந்து, பளபளக்கும் தளத்தைப் பார்த்தார்.

“கண்ணாடி மாதிரி இருக்கே.”

“ஆமாம் சார்” என்றேன்.

மோதிர விரலை மடக்கித் தளத்தின் மேல் வைத்தார். ஐந்து நொடி. வழக்கத்தைவிட இன்னும் ஒரு ஐந்து நொடி. வேலாயுதம் கொட்டகைத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே எங்கோ பார்த்தான்; அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. வைத்தீஸ்வரன் விரலை எடுத்தார். முகர்ந்தார். கைக்குட்டையை எடுத்தார், ஆனால் துடைக்கவில்லை. துடைக்க ஒன்றும் இல்லை.

“சுருக்கம் இருக்கு. பெயிண்ட் விதிப்படி சுருக்கம் ஒரு குறை.”

“பாதுகாப்பு விதிப்படி மேல்தளம் வழவழப்பா இருக்கக் கூடாது சார்.”

இரண்டு விதிகள் எதிரெதிரே நின்றபோது அவர் முகத்தில் வந்த வேதனையை நான் மறக்க மாட்டேன். கடைசியில் பேனாவை எடுத்தார். “விரலில் ஒட்டவில்லை. பதிவாகட்டும்” என்று கையெழுத்துப் போட்டார்.

அவர் போன பிறகு வேலாயுதம் தரையில் உட்கார்ந்து சிரித்தான். “தாளுக்கு சர்ட்டிபிகேட் குடுத்துட்டுப் போறாரு சார்!” நானும் சிரித்தேன். இருபது வருஷ ரயில் பெட்டிகளை நினைத்துச் சிரித்தேன். மறுநாள் காலையில் தாளை உரித்தபோது அடியில் நகத்தால் கீற முடியாத வெள்ளைத் தோல் இருந்தது. சான்றிதழ் சொன்னது உண்மையாகிவிட்டது. கொஞ்சம் முன்கூட்டியே சொன்னது, அவ்வளவுதான். வேலாயுதத்தின் பெயர் பட்டியலில் ஏறியது. அந்த வடகிழக்கு மழையில் படகு தினமும் ஓடியது. யாரும் வழுக்கி விழவில்லை. பழைய கிரீஸ் துப்பாக்கிக்குப் பதில் புதியது மட்டும் வரவில்லை. பழையது இன்னும் விசாரணையில் இருந்தது.

அஞ்சலை அன்று கீரைக் கட்டுக்குக் காசு வாங்கவில்லை. “ஒரு வருசம் போவணுமாமே சார். அதுக்குள்ள எவனாவது எதயாவது கெளப்பாம இருக்கணும்” என்றாள்.

கிளப்பத்தான் செய்தார்கள். சரியாக ஒரு வருஷம் கழித்து.

அடுத்த செப்டம்பர் முப்பதாம் தேதி மாலை. மறுநாள் காலை கொடுக்க வேண்டிய பணி உறுதி ஆணைகளை வைத்தீஸ்வரன் மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். மேலே இருந்தது வேலாயுதத்துடையது. தபால் பையில் தலைமை அலுவலகத்து நீளக் கவர் ஒன்று அவர் பெயருக்கு வந்திருந்தது. பிரித்துப் படித்தார். என்னிடம் நீட்டினார்.

ஏறக்குறைய பதினான்கு மாதத்துக்கு முன் நாங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். விதி பதினான்கின் கடைசி வரி பொருந்தும். செய்தவரின் குறிப்பே பின்பற்றப்பட வேண்டும். சான்று பெற்ற மொழிபெயர்ப்பு இணைக்கப்பட்டுள்ளது. என் மொழிபெயர்ப்பேதான், இரண்டு பிழைகள் கூடுதல். அதுவரை நான் சிரித்துக்கொண்டே படித்தேன். அடுத்த பத்தி: பெயிண்ட் விதியின்படி கொடுத்த சான்றிதழ் செல்லாது. படகு நிறுத்தப்பட்ட நாளிலிருந்து பணியில் இல்லாததாகவே கருதப்படும். இக்கடிதம் கிடைக்கும் நாளில் உறுதி செய்யப்படாத பணியாளர் யாரேனும் அப்படகைச் சார்ந்து இருப்பின், அவர் நியமனம் ரத்தாகும்.

கடிதம் கிடைத்த நாள் என்பது எங்கள் அலுவலகத்தில் தபால்காரர் கொண்டுவந்த நாள் அல்ல. ‘பெறப்பட்டது’ முத்திரை விழுந்த நாள். முத்திரை என் பக்கத்து மேஜையில் இருந்தது. அலுவலகம் மூட இன்னும் அரை மணி இருந்தது. வந்த கடிதத்துக்கு வந்த அன்றே முத்திரை என்பதும் விதிதான். அந்த விதியை வைத்தீஸ்வரன் ஒரு நாளும் மீறியதை நான் பார்த்ததில்லை.

“முத்திரை எடுத்துகிட்டு வாங்க” என்றார்.

எடுத்து வந்து வைத்தேன். மைப்பெட்டியைத் திறந்தேன். காலையில்தான் பியூன் மை ஊற்றியிருந்தார். ஊதா நிறத்தில் ததும்பிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த விதிகளில் எதுவும் அந்த நிமிஷத்துக்கு உதவவில்லை.

வைத்தீஸ்வரன் மோதிர விரலை மடக்கி மைப்பெட்டியில் வைத்தார். ஐந்து நொடி. எடுத்தார். விரல் முட்டிவரை ஊதா. முகர்ந்து பார்த்தார். வலது பையிலிருந்து அந்தக் கைக்குட்டையை எடுத்து நிதானமாகத் துடைத்தார்.

“காஞ்சு போச்சு” என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

“என்ன பாக்கறீங்க மிஸ்டர் கெமிஸ்ட்ரி? அன்னைக்குப் படகு காஞ்சிருந்ததே, அதே மாதிரி காஞ்சிருக்கு. நாளைக்கு மை ஊத்தி, ஆர்டரெல்லாம் கொடுத்து முடிச்ச பிறகு குத்துங்க.”

அவர் “பதிவாகட்டும்” என்று சொல்லாத ஒரே சந்தர்ப்பம் அது.

மறுநாள் காலை வேலாயுதம் ஆணையை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். வாசலில் கூடையோடு நின்ற அஞ்சலையிடம் அதைக் காட்டிவிட்டுப் படகுக்குப் போனான். அதன் பிறகு நான் முத்திரையை மையில் ஒற்றி, கடிதத்தின் வலது மேல் மூலையில் அழுத்தினேன். கோப்பில் இன்றும் இருக்கும். எங்கள் கேள்விக்குப் பதில் வந்து சேர்ந்த தேதி: அறுபத்தைந்தாம் வருஷம், அக்டோபர் முதல் தேதி.